காத்து எடுக்கிறது

கோடு வரை நிரப்பிய தண்ணீர் கோட்டுக்கு மேலே நின்றது.

மதிசுதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை குனிந்து பார்த்தான். நேற்றுப் பின்னேரம் கறுப்புப் பேனையால் அவனே கிழித்த கோடு. இன்று சனிக்கிழமை, மூன்று மணி. தண்ணீர் ஒரு விரலளவு ஏறியிருந்தது. இறங்கியிருந்தால் கவலையில்லை. குழாய்களுக்குள் அகப்பட்ட காற்று கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற, அந்த இடத்தைத் தண்ணீர் பிடிக்கும், மட்டம் இறங்கும், திரும்ப நிரப்ப வேண்டும். தண்ணீரால் குளிரூட்டுகிற கணினியைச் செய்கிற எவருக்கும் இது தெரியும். மட்டம் ஏறினால் உள்ளே காற்று கூடுகிறது என்று அர்த்தம். எல்லாப் பக்கமும் இறுக்கி மூடிய ஒன்றுக்குள் காற்று எங்கிருந்து கூடும்?

அதைக் கணினி என்றால் பார்த்தவுடன் யாரும் நம்பமாட்டார்கள். கெல்லர் என்கிற வீட்டு நிலவறையின் நடுவில், மேசை மேல், பின்சில்லு இல்லாத ஒரு மோட்டார் சைக்கிளைப் போல நின்றது. ஏதோ பழைய வண்டியின் மஞ்சள் பெற்றோல் டாங்கியை எடுத்துப் பக்கத்தில் வெட்டி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் யன்னல் வைத்து, அதைத் தண்ணீர்த் தாங்கியாக்கியிருந்தது. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் சின்ன றேடியேற்றர். வண்டியின் சட்டம் போல வளைந்து வளைந்து போகிற தெளிவான குழாய்கள். முன்னால் கைப்பிடி, அதில் ஒரு பிரேக் பிடி. அந்தப் பிடிக்கு ஒன்றோடும் தொடுப்பில்லை, அது அழகுக்கு. இவ்வளவையும் செய்தவன் சாருஜன், மதிசுதனின் தம்பி. குழாய்களைப் பூட்டித் தண்ணீர் விடுகிற வேலை மட்டும் மிச்சமிருக்க, அவன் மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்துப்போனான். இருபத்தாறு வயது.

நாளைக்கு அந்தியேட்டி. செத்த முப்பத்தோராம் நாள் சடங்கு. எசன் நகரில் மண்டபம் எடுத்தாயிற்று. தம்பியின் படத்துக்குப் பக்கத்தில் இந்தக் கணினி ஓட வேண்டும், அவனுடைய படங்கள் அதில் போக வேண்டும் என்று மதிசுதன் எல்லாரிடமும் சொல்லிவிட்டான். சொன்னது சொந்தக்காரருக்கு. உண்மையில் அவனுக்கு வேண்டியது வேறு. தம்பிக்காக ஒரு வேலையையாவது முழுசாகச் செய்து முடித்தோம் என்று இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று. அது நடக்காவிட்டால் நாளைக்கு அந்தப் படத்துக்கு முன்னால் தன்னால் நிற்க ஏலாது என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

பம்ப் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மின்சாரப் பெட்டியின் இரண்டு துளைகளுக்கு நடுவே ஒரு காகிதக் கொழுவியை வளைத்துச் செருகினால் கணினி எழும்பாது, பம்ப் மட்டும் ஓடும். அப்படி ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு ஒழுக்குப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே அவன் வைத்திருந்த குசினிக் காகிதங்கள் காய்ந்தபடியே கிடந்தன. ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் மேல் வளைவில் அந்தக் குமிழி. நேற்று உளுந்தளவு இருந்தது, இன்று அவனுடைய பெருவிரலின் நீளத்துக்கு வந்திருந்தது. தண்ணீர் அதன் அடியால் நழுவிப் போகும்போது தொண்டைக்குள் சளி கட்டியவன் மூச்சு விடுவது போல ஒரு கொறகொறப்பு. யன்னலுக்கு வெளியே மழை. கெல்லர் முழுக்க ஈரச் சுவரினதும் சலவைத் தூளினதும் வாசம், அதற்குள் எங்கேயோ மெல்லிசாகப் பெற்றோல். டாங்கியைத் தம்பி ஏழு தடவை கழுவியதாகச் சொல்லியிருந்தான்.

படியில் காலடி கேட்டது. அவனுடைய மனைவி பேர்பெச்சுவா தேத்தண்ணிக் கோப்பையோடு பாதிப் படியில் நின்றாள். பாசையூர்க்காரி, வேதக்காரப் பெண், ஆனாலும் நாளைய அந்தியேட்டிச் சமையல் முழுக்க அவளுடைய தலையில்தான்.

"இஞ்சேருங்கோ, மேல வாங்கோவன். காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை."

"முடிச்சிட்டு வாறன்."

"சனம் சாருவின்ரை படத்தைப் பார்க்க வருதோ, கொம்பியூட்டரைப் பார்க்க வருதோ?"

அவன் குனிந்து குமிழியையே பார்த்தான். அவள் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு, சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குச் சுவெட்டரைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

"இதுக்குள்ள காத்து நிக்குதப்பா," என்றாள்.

"ஓம். மேல் வளைவில நிக்குது. ஆட்டி எடுத்தால் போயிடும்."

"நான் குழாயைச் சொல்லேல்லை."

அவன் திரும்பிப் பார்த்தபோது அவள் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மேலே ஏறிக்கொண்டிருந்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவேண்டும். காத்து என்றால் காற்று, காத்து என்றால் பேயும்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தவனைப் பிடித்து உதைக்க வேண்டும் என்று நினைத்தான். சிரிப்பு வரவில்லை.

அவன் டாங்கியை இரண்டு கையாலும் அணைத்து, முழுச் சட்டத்தையும் இடப்பக்கம் சரித்தான். குமிழி நகர்ந்தது, மூட்டில் முட்டியது, நின்றது. வலப்பக்கம் சரித்தான். திரும்பி வந்து பழைய இடத்திலேயே குந்திக்கொண்டது. சரித்தான், நிமிர்த்தினான், தட்டினான். அரை மணித்தியாலம். "போ," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "போவன் சனியன்." யாரை ஏசினோம் என்று விளங்கியதும் டாங்கியிலிருந்து கையை எடுத்தான்.

பிரேக்கிலும் காற்று இப்படித்தான் நின்றது. அதை அவன் ஒருவருக்கும் சொன்னதில்லை.

சாருஜன் தன் வண்டியை அண்ணனிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போன வியாழக்கிழமை அது. முன் பிரேக்குக்குப் புது எண்ணெய் மாற்றித் தரச் சொல்லியிருந்தான். எண்ணெய் மாற்றினால் குழாயில் காற்றுப் போய்விடும், அதை எடுக்க வேண்டும். இரண்டு பேர் செய்கிற வேலை. ஒருவர் பிடியை இறுக்கி, "பிடிச்சிருக்கிறன்" என்று சொல்ல வேண்டும், மற்றவர் கீழே திருகாணியைத் திறந்து காற்றை விட வேண்டும். மதிசுதன் தனியாகச் செய்தான். நாற்பது தடவை செய்திருப்பான். அப்போதும் குமிழி வந்துகொண்டே இருந்தது, பிடி கைக்குள் பஞ்சு போல அமுங்கியது. அலுத்துப்போய், மிச்சத்தை விடிய எழும்பிச் செய்வோம் என்று திருகாணியை மூடிவிட்டுப் போனான்.

இரவு தம்பி போன் எடுத்தான்.

"காத்து எல்லாம் எடுத்தாச்சோ அண்ணை?"

தொடங்கிய வேலையை அண்ணை ஒருநாளும் முடிக்கமாட்டார் என்று தம்பி எல்லாரிடமும் பகிடி விடுகிறவன். அந்த ஒரு சின்ன ரோசம்.

"ஓம், எடுத்தாச்சு. நம்பி ஓடு."

விடிய அவன் எழும்புவதற்கு முன்னமே தம்பி வந்து, தன்னுடைய திறப்பால் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஈரத் தெருவில் ஒரு லொறியின் பின்னால் போய் மோதினான். வண்டி நொறுங்கியதில் பிரேக் குழாய் அறுந்துவிட்டதால் முன்னர் அது எப்படி இருந்தது என்று சொல்ல முடியாது என நிபுணரின் அறிக்கை வந்தது. அதை வாசித்துவிட்டு மதிசுதன் கழிவறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதான். துக்கத்தில் அழுதானா, தப்பினோம் என்ற நிம்மதியில் அழுதானா என்று இன்றுவரை அவனுக்கே தெரியாது. அதுதான் அவனைத் தின்றது.

யன்னலில் வெளிச்சம் போய்விட்டது. நாலரை மணிக்கே இருட்டுகிற மாதம். அவன் விளக்கைப் போட்டபோது தண்ணீர் இன்னுமொரு விரல் ஏறியிருந்தது. குமிழி மேல் வளைவை முழுசாக நிரப்பிக்கொண்டு இறங்கத் தொடங்கியிருந்தது. கொறகொறப்பு நின்று இப்போது வேறு சத்தம். இழுத்து விடுகிற சத்தம். இழுக்கும்போது நீளம், விடும்போது கட்டை.

பம்ப் பிழை என்று நினைத்தான். அப்படித்தான் இருக்க வேண்டும். காகிதக் கொழுவியை இழுத்து எடுத்தான்.

பம்ப் நின்றது.

தண்ணீர் நிற்கவில்லை.

அவன் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கினான். கம்பியின் நுனியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தான். குழாய்க்குள் தண்ணீர் முன்னால் போய், கொஞ்சம் பின்னால் வந்து, திரும்ப முன்னால் போனது. பெற்றோல் வாசம் மூக்கில் ஏறியது. அதோடு நனைந்த தோல் அங்கி, நனைந்த தெரு. மேலே பேர்பெச்சுவா வெங்காயம் வெட்டுகிற சத்தம் பலகையில் ஒரே சீராகக் கேட்டது. அவளைக் கூப்பிடலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? எதிலிருந்து தொடங்குவது?

பிரேக் பிடி அசைந்தது.

ஒன்றோடும் தொடுப்பில்லாத பிடி. மெல்ல, மிக மெல்ல, கைப்பிடியை நோக்கிப் போனது. பஞ்சு போல. எந்தத் தடையும் இல்லாமல். கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது.

விடவில்லை.

குழாய்க்குள் காற்று தண்ணீரைக் குதப்பியது. முதலில் அது வெறும் சத்தம். பிறகு சத்தத்துக்குள் சொல்.

"பிடிச்சிருக்கிறன் அண்ணை."

மதிசுதன் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டான். ஓட வேண்டும். படி ஆறடி தூரத்தில். தேத்தண்ணிக் கோப்பை இன்னும் அதில் இருந்தது. ஓடியிருக்கலாம். ஆனால் பிடித்திருப்பவனை அப்படியே விட்டுவிட்டு இன்னொரு தடவை போக அவனுக்குக் கால் வரவில்லை.

"சாரு," என்றான். "நான் எடுக்கேல்லை. காத்து எடுக்கேல்லையடா. பொய் சொன்னனான்."

குழாய்க்குள் காற்று இழுத்தது, விட்டது.

"அலுப்பில விட்டுட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளடா. கும்பிட்டுக் கேக்கிறன்."

"பிடிச்சிருக்கிறன் அண்ணை."

அதே குரல், அதே ஏற்றம். கோபமே இல்லை. வேலை நடக்கட்டும் என்று காத்திருக்கிறவனின் குரல். அவன் அழுதுகொண்டே டாங்கியின் மேலிருந்த திருகாணியைப் பிடித்தான். விரல் வழுக்கியது. திருகினான். அரைச் சுற்று. ஒரு சுற்று. திருகாணி கையோடு வந்தது.

காற்று வந்தது. சூடாக வந்தது. அவனுடைய முகத்தில் பட்டு, முடியைக் கலைத்து, வந்துகொண்டே இருந்தது. அந்தக் குழாய்களுக்குள் அவ்வளவு காற்று இருக்க இடமில்லை. ஒரு நிமிடம். இன்னும் வந்தது. கடைசியில் மெலிந்து, நின்றது. பிடி விடுபட்டுப் பழைய இடத்துக்குப் போனது. மேல் வளைவில் குமிழி இல்லை. முடிந்தது என்று அவன் நினைத்தான். முப்பது நாளில் முதல் தடவையாக நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. திருகாணியைத் திரும்பப் பூட்டும்வரை துளையைப் பெருவிரலால் பொத்தினான்.

துளை அவனுடைய விரலைக் கவ்விக்கொண்டது.

உதடு போல. மெதுவாக. சூடாக.

இழுத்தான். வரவில்லை. மற்றக் கையால் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். டாங்கி முழுக்க மேசையில் உரசிக்கொண்டு வந்தது, விரல் வரவில்லை. பிடி மறுபடியும் கைப்பிடியை நோக்கிப் போனது. ஒட்டியது. நின்றது.

"கொஞ்சம்தான் அண்ணை. உள்ளுக்க நிண்ட காத்து எல்லாம் எடுப்பம்."

டாங்கியின் யன்னலுக்குள்ளால் அவன் பார்த்தான். தண்ணீருக்குள் அவனுடைய பெருவிரல் நுனி. அதிலிருந்து ஒரு குமிழி புறப்பட்டு, உருண்டு, மேலே போய் உடைந்தது. அவனுடைய நெஞ்சில் ஏதோ குறைந்தது. பிடி விட்டது. ஒரு குளிர் கைக்குள்ளால், முழங்கைக்குள்ளால், தோளுக்கு ஏறியது.

பிடி போனது. நின்றது.

குமிழி.

விட்டது. குளிர்.

"பேர்பெ..." என்றான். மிச்சத்துக்குக் காற்று இல்லை.

பிடி. குமிழி. குளிர்.

பிடி. குமிழி.

மேலே வெங்காயம் வெட்டுகிற சத்தம் நின்றது. கதவு திறந்தது. "என்னப்பா, கூப்பிட்டனீங்களோ?" படியில் அவளுடைய கால். அடுத்த படி. வராதே என்று சொல்ல அவன் வாயைத் திறந்தான். தெளிந்த தண்ணீர் கீழுதட்டால் வழிந்து சட்டையில் கொட்டியது. மூக்காலும் வந்தது. அவனுடைய நெஞ்சு எழும்பவில்லை, தாழவும் இல்லை. ஆனாலும் விழவில்லை, நின்றுகொண்டிருந்தான், எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். டாங்கியில் மட்டம் சீராக நின்றது. தெளிவான குழாய்களில் ஒரு குமிழி இல்லாமல் தண்ணீர் போய், றேடியேற்றருக்குள் நுழைந்து, டாங்கிக்கு வந்து, பெருவிரல் வழியே ஏறி, அவனுக்குள்ளால் ஒரு சுற்றுச் சுற்றி, திரும்ப இறங்கிக்கொண்டிருந்தது.