காலஞ்சென்ற கணக்காளர்

சரக்கு லிஃப்டின் பள்ளத்தில் கிடந்தார் கணக்காளர்.

கழுத்து திரும்பியிருந்தது. சட்டைப் பையில் பேனா உடையாமல் இருந்தது.

காலை ஒன்பதே கால்.

"கால் தவறிட்டாரு மேடம்..." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார் முதலாளி.

பெண் இன்ஸ்பெக்டர் மேலே பார்த்தார். "லிஃப்ட் மூணாவது மாடியில நிக்குது. லிஃப்ட் இல்லாம ரெண்டாவது மாடிக் கதவு எப்படித் திறந்துச்சு?"

"அவரே திறந்திருப்பாரு. மனசு சரியில்ல. தற்கொலையாக்கூட..."

"பொய்!"

கணக்காளரின் மனைவி. செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"பதினோரு மணிக்கு அவரு சாட்சி சொல்லணும் மேடம்! ஃபைல் எடுத்துட்டுப் போலாம்னு இவர்தான் ஃபேக்டரிக்குக் கூப்பிட்டாரு!"

"என்ன கேஸ்?"

"தொழிலாளிங்க பி.எஃப். பணத்தை இவரு இருபது மாசமா லேட்டாக் கட்டினாரு. அபராதம் போட்டாங்க. அதை எதிர்த்து அப்பீல் போயிருக்காரு."

"தாமதம் எனக்கே தெரியாது மேடம்!" முதலாளியின் குரல் உயர்ந்தது. "இந்தாளு பண்ணின வேலை. நான் வேணும்னே செய்யலன்னு நிரூபிச்சா அபராதம் போயிடும்."

"நீங்கதானே பணத்தை நிறுத்தி வைக்கச் சொன்னீங்க! அதைச் சொல்லத்தான் கிளம்பினாரு... செத்த மனுஷனைத் திருடன் ஆக்காதீங்கய்யா!"

முதலாளி பையைத் திறந்தார். முத்திரை குத்திய தாள்கள்.

"இன்னிக்குத் தாக்கல் பண்ற பிரமாணப் பத்திரம். எல்லாம் இதுல இருக்கு. நீங்களே படிங்க."

இன்ஸ்பெக்டர் வாய்விட்டுப் படித்தார்.

"'எங்கள் காலஞ்சென்ற கணக்காளரின் கவனக்குறைவே தாமதத்துக்குக் காரணம்...'"

நிறுத்தினார்.

கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். நோட்டரி முத்திரை. தேதி.

"எப்ப சார் கையெழுத்துப் போட்டீங்க?"

"நேத்து சாயங்காலமே. இதுவும் லேட்டாயிடக் கூடாதுன்னு..."

கைக்குட்டை பாதியில் நின்றது!

மேலே எங்கோ ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து ராத்திரி..." மனைவி மெதுவாகச் சொன்னாள். "எனக்குத் தலைவலின்னு அவர்தான் டீ போட்டுக் கொடுத்தாரு."

"டை... டைப்பிங் மிஸ்டேக் மேடம்..."

"'காலஞ்சென்ற'ன்னு மூணு இடத்துலயா?"

முதலாளி வாசலைப் பார்த்தார். அங்கே இரண்டு கான்ஸ்டபிள்கள்.

இன்ஸ்பெக்டர் விலங்கை எடுத்தார்.

"இருபது மாசமும் லேட்டாக் கட்டின ஆளு... சாவை மட்டும் அட்வான்ஸாக் கட்டிட்டீங்களே சார்!"