அப்பாவின் மரத்தூள் சட்டை

பொழுது சாய்ந்தாலே சிட்டுவின் அம்மா இன்ஹேலரைத் தேடி எடுத்துக் கையில் வைத்துக்கொள்வாள். பகலெல்லாம் பம்பரமாகச் சுற்றும் தம்பிக்கு அப்போதுதான் இழுப்பு வரும். மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் விசில் ஊதும். இன்ஹேலர் வைத்த பிறகுதான் அடங்கும்.

வீட்டில் அவனுக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனிக்கும்படி டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா விடுவாளா? தரைவிரிப்பைச் சுருட்டி வெளியே போட்டாள். தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்தாள். ஜன்னல் திரைகளைக் கழற்றினாள். வாசலில் குவிந்த சாமான்களைப் பார்த்துவிட்டு, வீடு மாறப் போகிறீர்களா என்று எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார்.

இவ்வளவு செய்தும் இழுப்பு மட்டும் வீடு மாறவில்லை.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சிட்டு ஒன்றைக் கவனித்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பிக்கு இழுப்பே வருவதில்லை. அன்று அப்பாவின் தச்சுப் பட்டறைக்கு விடுமுறை.

மறுநாள் மாலை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தாள். அப்பா தெருமுனையில் திரும்பியதும் தம்பி பாய்ந்து ஓடினான். ஒரே தாவில் அவர் மேல் ஏறி, தோளில் முகம் புதைத்துக்கொண்டான். அப்பாவின் சட்டையிலிருந்து பொன்னிறப் பொடி கிளம்பி வெயிலில் பறந்தது. மரத்தூள்.

கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் கேட்டது.

கண்டுபிடித்தாயிற்று. ஆனால் எப்படிச் சொல்வது? நாள் முழுக்க இழைப்புளி தள்ளிய அலுப்பெல்லாம் மகன் வந்து தாவும்போது பறந்துவிடும் என்று அப்பா பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அதுதான் காரணம் என்றால் அவர் மனசு உடைந்துவிடாதா?

அடுத்த நாள் அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லி, தம்பியை உள்ளே பிடித்து வைக்கச் சொன்னாள். வாசலில் ஸ்கிப்பிங் கயிற்றைக் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றாள்.

"நில்லுங்க. இது சோதனைச் சாவடி."

"எங்கிட்ட கடத்தல் சரக்கு எதுவும் இல்லையே மேடம்," என்றார் அப்பா.

"இருக்கு. சட்டை பூரா இருக்கு."

சிரித்துக்கொண்டே கேட்கத் தொடங்கியவர், அவள் சொல்லி முடித்ததும் வாடிப்போனார். "அப்போ இத்தனை நாளா நான்தானா?"

"நீங்க இல்லப்பா, உங்க சட்டை. அதை வெளிய நிறுத்திட்டு நீங்க உள்ள வாங்க."

வீட்டின் பக்கவாட்டுக் குளியலறையில் துண்டும் துவைத்த சட்டையும் தயாராக இருந்தன. வேலைச் சட்டையைப் போட மூடியுள்ள வாளியும் வைத்திருந்தாள். அப்பா குளித்து முடிப்பதற்குள் தம்பி கதவைத் தட்டித் தட்டி உயிரை வாங்கினான். ஈரத்தலையோடு வந்தவரை அப்படியே கட்டிக்கொண்டான்.

இரவுச் சாப்பாடு வரை அம்மா அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டபடியே இருந்தாள். விசில் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. மருந்தை மட்டும் நிறுத்திவிடக் கூடாது என்று சொன்ன டாக்டர், இதைக் கண்டுபிடித்தது யார் என்று ஆச்சரியமாகக் கேட்டார்.

சனிக்கிழமை வேலை முடியும் நேரத்தில் சிட்டு பட்டறைக்குப் போனபோது, வாசலருகே புது அலமாரி ஒன்று நின்றது. அப்பாவோடு வேலை செய்பவர்கள் மரத்தூள் சட்டைகளை அதில் மாட்டிவிட்டு, வேறு சட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நாற்காலி வாங்க வந்த ஒருவர், இது யார் யோசனை என்று கேட்டார்.

அப்பா இழைப்புளியைக் கீழே வைத்தார்.

"இதோ நிக்கிறாளே, என் பொண்ணு. அவ யோசனை."

சிட்டு வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் அப்பா அதை இன்னொரு தடவை சொல்லமாட்டாரா என்று காது காத்துக்கொண்டிருந்தது.

அவர் சொன்னார், இன்னும் கொஞ்சம் சத்தமாக.