பித்தளை நிப்பிள்

காலை ஏழு மணி. பந்தல்குடி ரோட்டில், பருத்திக் காட்டை ஒட்டி, சௌடேஸ்வரியின் வேன் செத்துக் கிடந்தது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. எஞ்சின் சூடேறி, சுற்றாமல் இறுகிப் பிடித்துவிட்டது.

புருஷன் போனபின் அந்த வேனில் சேலைக்கட்டு ஏற்றித்தான் அவள் வீட்டுத் தறிகள் ஓடின. போலீஸைக் கூட்டிவந்தவன் அவள் தம்பி வேங்கடபதி.

"தண்ணி ஊத்தாம வேணும்னே ஓட்டிருக்கான் சார். நம்ம லோடைப் பிடிக்கத் திருச்சுழிக்காரன் புது வேன் எடுத்திருக்கான்ல, அவன் கையாளு இவன். உள்ள தள்ளுங்க."

டிரைவர் பால்சாமி தலை குனிந்து நின்றான். லைசென்ஸ் போனால் மறுபடி மண்வெட்டிதான்.

சப்-இன்ஸ்பெக்டர் சின்னத்துரை யாரையும் அதட்டவில்லை. காக்கிச் சட்டையைக் கழற்றி வேனின் பக்கக் கண்ணாடியில் மாட்டினார். பனியனோடு வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். அப்படி ஒரு அதிகாரியை அந்த ரோடு கண்டதில்லை.

"தண்ணி எப்ப ஊத்துன?" அடியிலிருந்து குரல் வந்தது.

"கிளம்பையில நிறைச்சேன்யா."

"கொதிச்சது தெரியலையா?"

"மீட்டர் வேலை செய்யாதுய்யா. ஆவியப் பாத்ததும் நிறுத்திட்டேன். அதுக்குள்ள பிடிச்சுக்கிருச்சு."

எஞ்சின் பின்பக்கம், ஹீட்டர் குழாயைச் சேர்க்கும் திருகுத் துண்டான பித்தளை நிப்பிளிலிருந்து ஈரக்கோடு ஒன்று கீழே இறங்கியிருந்தது. மலைத் தோட்டத்து ஏலத்தில் வந்த வண்டி அது. அங்கே குளிருக்கு ஹீட்டர் வேண்டும். இந்த வெயிலில் அதை யார் சீண்டுவார்?

"இதக் கழட்டினதுண்டா?"

"கல்லா இறுகிக் கெடக்குய்யா. கசியுதுன்னு போன வாரம் பட்டறை காளிராஜ்கிட்ட காட்டினேன். காய்ச்சித்தான் எடுக்கணும், ஒரு நாள் விடுன்னாரு. சின்ன முதலாளி விடல."

"வண்டி நின்னா பொழப்பு?" என்று சீறினான் வேங்கடபதி. விரல் முட்டியில் துணி சுற்றியிருந்தான்.

"கையில என்ன?"

"தறி இடிச்சிருச்சு சார்."

சின்னத்துரை நிப்பிளில் ஸ்பேனரை மாட்டி ஒரு இழுப்பு இழுத்தார். சிணுங்காமல் சுற்றிக் கையோடு வந்துவிட்டது.

வெளியே வந்து அதை வெயிலில் பிடித்தார். திருகுப் பள்ளத்தில் நூல் சுற்றியிருந்தது. உள்ளே இருந்தது கூழ்போல நைந்திருந்தது. வெளியே நீட்டிய நுனி கம்பியாக விறைத்திருந்தது.

"அம்மா, இது என்ன நூலு?"

சௌடேஸ்வரி நுனியைத் தொட்டதுமே சொன்னாள். "கஞ்சி போட்ட பாவு நூலுய்யா. எங்க தறியில நீளவாக்குல ஓடுறது."

ரோட்டோரக் கடையிலிருந்து சூடான டீ வாங்கி, அந்த நுனியை உள்ளே விட்டார். விறைப்பு போய்த் துவண்டு தொங்கியது.

"வருசக்கணக்கா இறுகினது இம்புட்டு லேசாக் கழலாது. யாரோ முரட்டுத்தனமா எடுத்து, பழசை உடைச்சு, வேற நிப்பிள் மாட்டிருக்காங்க. பட்டறைக்காரன்னா சணலும் செவப்பு ஈயமும் வச்சு இறுக்குவான். இத மாட்டினவங்க கைக்குப் பழகின தறி நூலச் சுத்திருக்காங்க. பச்சத் தண்ணியில நிக்கும். எஞ்சின் சூடானா கஞ்சி கரையும்." அவர் திரும்பினார். "வேங்கடபதி, தறியில இடிச்ச காயமா, ஸ்பேனர் வழுக்கின காயமா? துணிய அவிழு."

அவன் அவிழ்க்கவில்லை. "ராத்திரி மாட்டிட்டுத் தண்ணி ஊத்திப் பாத்தேன் சார், ஒழுகலையே" என்று முனகினான்.

சௌடேஸ்வரி தம்பியை விலக்கிவிட்டு முன்னே வந்தாள். பிறகு சாவியைப் பால்சாமியிடம் நீட்டினாள்.

"காளிராஜ் பட்டறைக்குக் கொண்டு போ."

"ஓடாதேம்மா."

"நீ ஸ்டியரிங்கப் பிடி. தள்ளுறதுக்கு ஆளு இருக்கு."

வேங்கடபதி வேட்டியை மடித்துக் கட்டினான்.