கரி குடித்த வெளிச்சம்

சாயங்காலம் போன மின்சாரம் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தபோது, பெயின்ட் ஆலையின் கரித்தூள் அறையில் முதலாளி செத்துக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி. மூட்டை ஒன்று கிழிந்து, ஜன்னலே இல்லாத அந்த அறையில் சுவர், தரை, பிணம் எல்லாம் ஒரே கறுப்பு. நடுவில் ஒரு டார்ச். அது முதலாளியின் சின்னத் தம்பியுடையது.

இறந்தவரின் அக்கா வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. ஆலையின் வண்ணங்களைச் சோதித்து ஒப்புதல் தருபவள், எல்லோருக்கும் பெரியக்கா. காலையில்தான் இறந்த தம்பி அவளிடம் சொல்லியிருந்தார்: "நம்ம வெள்ளையில யாரோ மட்டத் தூள் கலக்கறாங்கக்கா. இன்னிக்குப் பிடிச்சிடுவேன்."

அந்தக் குடும்பத்தில் எவரும் காவல் நிலையப் படியை மிதித்ததில்லை. இன்று ஒரு தம்பி பிணம். இன்னொரு தம்பிக்கு விலங்கு காத்திருந்தது.

இன்ஸ்பெக்டர் மேஸ்திரியைக் கூப்பிட்டார். பல வருஷமாக வெள்ளைத்தூள் அறையிலேயே உழைத்ததால் அவனுக்குச் 'சுண்ணாம்பு' என்று பட்டப்பெயர். இன்றும் தலைமுதல் கால்வரை வெள்ளை.

"எங்க நின்னே?"

"எதிர்ல என் வெள்ளைத்தூள் ரூம் வாசல்ல சார். நடுவுல இருக்கற நடையைத் தாண்டவே இல்ல."

"என்ன பார்த்தே?"

"இருட்டுல முதலாளியும் அவர் தம்பியும் கத்தினாங்க. மூட்டை கிழிஞ்சு தூசி கிளம்பிச்சு. அதுக்குள்ள டார்ச் வெளிச்சம் வெள்ளைக் கம்பு மாதிரி நின்னுச்சு. சின்ன முதலாளி ஓங்கினதைப் பார்த்தேன்."

"புளுகாதடா!" சின்னத் தம்பி பாய்ந்தான். "டார்ச் நேத்தே காணாமப் போச்சு. அண்ணன்கூட மத்தியானம் சண்டை போட்டேன், நெஜம். அதுக்காகக் கொல்லுவேனா?"

பெரியக்கா அவனைக் கையால் அடக்கினாள். "சுண்ணாம்பு, உன் அரவை மிஷின் இன்னிக்கு ஓடலையே?"

"பட்டை அறுந்துபோச்சுக்கா. நேத்துலேர்ந்து நிக்குது."

"சரி. வெளிச்சம் நல்லாத் தெரிஞ்சுதா?"

"பளிச்சுனு தெரிஞ்சுதுக்கா."

இன்ஸ்பெக்டர் தொண்டையைக் கனைத்தார். "அம்மா, தம்பிப் பாசம் புரியுது. ஆனா..."

"பாசத்தை அப்புறம் பாத்துக்கலாம். பக்கத்து ரூமுக்கு வாங்க. விளக்கை அணைங்க."

கான்ஸ்டபிள் டார்ச்சை அடித்தார். எதிர்ச்சுவரில் ஒரு வட்டம்; வழியில் ஒன்றும் இல்லை. பெரியக்கா வெள்ளைத் தூளை ஒரு பிடி வீசினாள். காற்றில் வெளிச்சம் கம்பாக நிமிர்ந்தது. தூள் அடங்கும்வரை பொறுத்து, கரித்தூளை வீசினாள். சுவரிலிருந்த வட்டம் அணைந்தாற்போல் ஆனது. டார்ச் வாயருகே அழுக்காக ஓர் இழை. அவ்வளவுதான்.

"வெள்ளைத் துகள் வெளிச்சத்தை நாலா பக்கமும் வாரி இறைக்கும். அதான் பக்கவாட்டுல நிக்கறவன் கண்ணுக்கும் வந்து சேருது. கரித் துகள் வெளிச்சத்தைக் குடிச்சிடும். அந்த ரூம்ல பறந்தது கரி. கம்பும் நின்னிருக்காது, ஆளும் தெரிஞ்சிருக்காது. இவன் காலமெல்லாம் வெள்ளைத் தூசியில டார்ச் அடிச்சவன். தூசின்னு பொய் கட்டினப்போ பழகின தூசிதான் வாயில வந்துச்சு."

"பயத்துல உளறிட்டேன்க்கா..."

"மிஷின் ஓடாத நாள்ல உன் மேல இவ்வளவு வெள்ளை எதுக்குடா?"

முந்தானையை நனைத்து அவன் காதுக்குப் பின்னால் ஒரு இழுப்பு இழுத்தாள். வெள்ளைக்கு அடியில் கன்னங்கரேல்.

"கரியை மறைக்க வெள்ளையை அள்ளிப் பூசிக்கிட்டே. நடையையே தாண்டாதவனுக்கு இது எங்கேர்ந்து வந்துச்சு? மட்டத் தூள் கலந்தவன் நீ. என் தம்பி பிடிச்சான். கரண்ட் போனதும் அடிச்சே. முந்தின நாளே திருடின டார்ச்சை அங்க போட்டே."

மேஸ்திரி அவள் காலில் விழுந்தான். "தண்ணி குடுங்கக்கா. முகத்தையாவது கழுவிக்கறேன். வாசல்ல என் பொண்ணு நிக்கறா."

பெரியக்கா குனிந்தாள். நெற்றி, கன்னம், மூக்கு என்று வெள்ளையை மட்டும் பதமாக ஒற்றியெடுத்தாள். அடியில் அப்பியிருந்த கரியைத் தொடவில்லை.

"எங்க வீட்டு முகத்துல பூச வந்த கரி. உன் முகத்தோடயே போகட்டும்."

பிறகு சின்னத் தம்பியைப் பார்த்தாள்.

"வாசல்வரைக்கும் எல்லா விளக்கையும் போடுடா."