மடக்குப்பலகை

பயணிகள் படகுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அந்தப் பெண் வருவது அது ஏழாவது முறை. நூறு பேருக்கான படகில் நூற்று அறுபது பேரை ஏற்றி, வளைவில் கவிழ்த்து, தானும் மூழ்கிப்போனார் ஓட்டுநர் என்றது அறிக்கை. அந்த ஓட்டுநர் அவள் கணவர்.

"ஆள் கூடினா சுக்கானையே தொடமாட்டாரு மேடம். செத்தவன் வந்து பேசவா போறான்னு பழியை அவரு தலையில போட்டுட்டாங்க."

"அன்னிக்கு வழக்கத்துக்கு மாறா ஏதாவது நடந்துச்சா?" என்று கேட்டார் ஆய்வாளர் அம்மாள்.

அவள் தயங்கினாள். "தினமும் எங்க வீட்டைத் தாண்டுறப்ப ரெண்டு ஹாரன் அடிப்பாரு. அடுப்பைப் பத்தவைன்னு அர்த்தம். அன்னிக்கு அடிக்கல. காலையில சின்னச் சண்டை. கோவத்தோடவே போயிட்டாரோன்னுதான் மனசு ஆறல. இப்பவும் சாயங்காலமானா காது தண்ணிப் பக்கம் போயிடுது."

"ஹாரன் ரிப்பேரா இருந்திருக்கும் மேடம்" என்று முந்திக்கொண்டார் அவசரக்குடுக்கையான உதவியாளர்.

"முந்தின நாள் அதைச் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டது நீங்கதான்" என்றார் ஆய்வாளர்.

தன் வீட்டில் தனக்காக யாரும் இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பதில்லை என்பது உதவியாளருக்கு உறைத்தது. ஏக்கமாகவே இருந்தது.

படகைத் தூக்கிய அன்று எடுத்த சுக்கான் அறைப் படத்தை ஆய்வாளர் நீட்டினார். "சுவத்துல இது என்ன?"

"மடக்குப்பலகை. அவரு குள்ளம். அதுல ஏறி நின்னாத்தான் கண்ணாடி வழியா தண்ணி தெரியும். இறங்கினதும் மடக்கித் தாழ்ப்பாள் போட்டுடுவாரு."

படத்தில் பலகை மடங்கியிருந்தது, தாழ்ப்பாளும் போட்டிருந்தது.

மறுநாள் அவளையும் வைத்துக்கொண்டே படகு மேலாளரை வரவழைத்தார்கள். விபத்தில் தப்பிப் பிழைத்த அந்த மனிதர் கதவு நிலையில் தலை இடிக்காமல் குனிந்து உள்ளே வந்தார்.

"தண்ணி தாழ்ப்பாள் போடாது சார்" என்றார் ஆய்வாளர். "பலகை இல்லாம அவரால ஓட்ட முடியாது. படகுல வேலைக்கு இருந்தது நீங்க ரெண்டு பேர்தான்."

"கூட்டம் அதிகம், எடுக்கமாட்டேன்னுட்டாரு. நான் எடுத்தேன்" என்றார் மேலாளர்.

"அவர் ஏன் இறங்கிப் போகல?"

"இத்தனை பேரை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு, கீழே மிதவைச் சட்டை குடுத்துக்கிட்டிருந்தாரு. நடுவுல ஒருதரம் மட்டும் மேல வந்தாரு."

"எதுக்கு?"

"வீடு வருது, ரெண்டு ஹாரன் அடிச்சுடுங்கன்னாரு. இருந்த எரிச்சல்ல நான் அடிக்கல."

அவள் மேலாளரைத் திட்டவில்லை. "அடிக்கச் சொன்னாரா?" என்றாள். சற்றுப் பொறுத்து அதையே இன்னொரு தரமும் கேட்டாள்.