நாற்பத்தொரு கேள்விகள்

"உங்க பிராணி எங்கே?"

தலைமுடியிலிருந்து நீர் சொட்டச் சொட்ட நின்றவள் திருதிருவென விழித்தாள். திடீர் மழைக்குப் பயந்து, கண்ணில் பட்ட கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்திருந்தாள். சுற்றிலும் நாய்கள், பூனைகள், கூண்டுக்குள் ஒரு கிளி... விலங்கு மருத்துவமனை!

"நான்... மழைக்கு..."

"ஓ, நீங்க மட்டும்தானா?" என்ற டாக்டரின் உதடுகள் சிரிக்கவில்லை. கண்கள் சிரித்தன. ஈரத்தில் பளபளக்கும் கூழாங்கல் மாதிரி கண்கள்...

சட்டெனப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அலுவலகத்தில் அவளுக்குத் 'துருவி' என்று பெயர். புரோகிராமர், எதையும் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள்.

"எப்பவும் இப்படித்தான் சுத்துமாக்கா?"

"காலையில பத்து பேர்னா பட்டியல் சீக்கிரம் வந்துடும்மா" என்றாள் வரவேற்பு மேசை அக்கா. "ஞாயித்துக்கிழமை எண்பது பேர் வருவாங்க. நான் காபியே குடிச்சிட்டு வந்துடுவேன்!"

ஆள் கூடக் கூட நேரமும் கூடுகிறது... அவள் முகம் மலர்ந்தது. "டாக்டர்! இதை எழுதினவர் ஒவ்வொரு பேருக்கும் தனித்தனியா, தகவல் இருக்கிற டேட்டாபேஸ்கிட்ட கம்ப்யூட்டரை ஓட விட்டிருக்கார். பாவம், கத்துக்குட்டி போல..."

டாக்டரின் கண்களில் சிரிப்பு அணைந்தது.

"எழுதினது எங்க அண்ணன். கணக்கு வாத்தியார். நான் இந்த ஆஸ்பத்திரியை ஆரம்பிக்கணும்னு புஸ்தகம் வாங்கி, ரெண்டு வருஷம் ராப்பகலா படிச்சு எழுதிக் கொடுத்தார். மழை விட்டுடுச்சுன்னு நினைக்கிறேன்."

மழை விடவில்லை. ஆனாலும் அவள் கிளம்பினாள். போகும் முன், "மன்னிச்சிடுங்கக்கா, வாய் முந்திடுச்சு. சரி பண்ணணும்னா கூப்பிடச் சொல்லுங்க" என்று ஒரு சீட்டில் தன் ஃபோன் நம்பரை எழுதிக் கொடுத்தாள்.

எட்டு நாள் போனது. ஒன்பதாம் நாள் காலை, தேனீ கொட்டி முகம் வீங்கிய நாயொன்றைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடி வந்தார். முன்பு எந்த மருந்து அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை? பட்டியல் வந்தால்தான் அதன் பழைய விவரம் தெரியும். வட்டம் சுற்றியது... சுற்றியது... நாய்க்கு மூச்சு இழுத்தது. நல்லவேளை, தூக்கி வந்தவருக்கே மருந்தின் பெயர் நினைவு வந்தது. நாய் பிழைத்தது.

டாக்டர் வெகுநேரம் கை கழுவினார். பிறகு அக்காவிடம் சீட்டைக் கேட்டு வாங்கினார்.

அன்று மாலை அவள் வந்தபோது அண்ணனும் அங்கே இருந்தார். சட்டைப்பையில் சிவப்புப் பேனா. டாக்டர் அண்ணன் பக்கமே நின்றுகொண்டார்... இவள் மறுபடி கத்துக்குட்டி என்று சொல்லிவிட்டால்?

அவள் நாற்காலியை அண்ணன் பக்கத்தில் இழுத்துப் போட்டாள். "சார், வகுப்புல நாற்பது நோட்டு திருத்தணும். ஒவ்வொரு நோட்டா எடுக்க நாற்பது தடவை நடப்பீங்களா?"

"எதுக்கு? ஒரே கட்டா வாரிக்கிட்டு வருவேன்."

"இங்கே இன்னிக்கு வந்த நாற்பது விலங்கோட பட்டியலுக்கு ஒரு கேள்வி. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் சொந்தக்காரர் யாருன்னு தனித்தனியா நாற்பது கேள்வி..."

அண்ணன் திரையருகே குனிந்தார். "நாற்பத்தொண்ணா! அடடா... சேர்த்துக் கேட்க வழி இருக்காம்மா?"

"ஒரே வரி சார். நீங்களே அடிங்க." பட்டியலோடு சொந்தக்காரர்களையும் மொத்தமாக எடுத்துவரச் சொல்லும் அந்த வரியை அவள் சொல்ல, அவர் ஒற்றை விரலால் தட்டினார். பட்டியலுக்கு ஒன்று, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் ஒன்று என நாற்பத்தொரு கேள்வி இரண்டாகச் சுருங்கியது. கண் இமைப்பதற்குள் பட்டியல் வந்து நின்றது.

அண்ணன் குழந்தை போலக் கை தட்டினார். பிறகு தம்பி பக்கம் திரும்பினார். "மெதுவா இருக்குன்னு ஏண்டா இத்தனை நாளா சொல்லல?"

"நீ வருத்தப்படுவியேன்னு..."

"மறைச்சியே, அதுதான்டா வருத்தம்!" என்றவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்ன தோன்றியதோ, "அக்காகிட்ட வேற என்ன குறைன்னு கேட்டுட்டு வர்றேன்" என்று வெளியே நழுவினார்.

அவள் நாற்காலியை டாக்டர் பக்கம் திருப்பினாள்.

"நீங்க ஃபோன் பண்ண ஒன்பது நாள் ஆச்சு. அவ்வளவு கோபமா?" என்றாள்.

"கோபம் ரெண்டு நாள்தான்."

"மீதி ஏழு நாள்?"

"என்ன பேசுறதுன்னு தெரியல. பட்டியல் சரியாயிட்டா நீங்க மறுபடி வரமாட்டீங்களேன்னு வேற..." குரல் உள்ளே போனது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. திட்டிட்டுப் போன அன்னிக்கே."

துருவிக்கு முதல் முறையாகக் கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. காது மடல் வரை சூடேறியது...

"என் ஆபீஸுக்கு இது சுத்து வழி டாக்டர்" என்றாள் மெல்ல. "ஒன்பது நாளா நான் இந்தத் தெரு வழியாத்தான் போறேன்."