கனிவெண் ஏழு

கனிவெண் ஏழு என்று கேட்டதும் ஜெயந்தன் முன்பணம் கொடுத்துவிட்டான்.

“ஒருதரம் தெருவையாவது பாத்துடுங்க சார்,” என்றார் தரகர் மாசிலாமணி. “பக்கத்து வீட்ல எழவு விழுந்தாக்கூட எட்டிப் பாக்க மாட்டானுங்க. அதான் இந்த ரேட்டு.”

“அதுதான் வேணும்.”

நகரத்தில் கம்பத்துக்குக் கம்பம் கனிவுமானி இருந்தது. பேச்சின் தொனியையும் நாடித்துடிப்பையும் எட்ட இருந்தே அளந்து, தெருக்காரர்கள் ஒருவரிடம் ஒருவர் எவ்வளவு அன்பாக இருக்கிறார்கள் என்று நூற்றுக்கு எண் போடும். வீட்டு விலையும் வரியும் அந்த எண்ணோடு ஏறும். அறுபது உள்ள தெருவில் ஜெயந்தனால் கார் ஷெட் கூட வாங்க முடியாது. தவிர, அங்கே மனைவி வினோதினி எப்படி இறந்தாள் என்று கேட்பார்கள்.

குடிவந்த அன்று பால் காய்ச்சினான். புது வீட்டில் முதலில் பால்தான் பொங்க வேண்டும் என்று வினோதினி ஒவ்வொரு வீடு பார்க்கும்போதும் சொல்லியிருந்தாள். கை பழக்கத்தில் இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டது. இரண்டாவதை என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினான்.

கதவைத் திறந்த புஷ்பவல்லி டம்ளரைக் கையில் வாங்கிய பிறகுதான் கம்பத்தைப் பார்த்தாள். எண் ஒன்பது ஆகியிருந்தது.

“யோவ், அறிவிருக்கா? இன்னிக்கு ஆறு மணிக்கு மாசக் கணக்கு. பத்தைத் தாண்டுனா வரி ரெட்டிப்பு. நாங்கல்லாம் வீட்டை வித்துட்டு நடுரோட்ல நிக்கவா?”

தெரு கூடிவிட்டது. சங்கச் செயலாளர் அந்தோணிராஜ் முன்னால் வந்தார். “சண்டை போடு தம்பி. யார்கூட வேணா போடு. எண்ணு இறங்கியாகணும்.”

பதினோரு வீடும் சேர்ந்து திட்டியது. ஜெயந்தன் கேட்டுக்கொண்டு நின்றான். யாரோ குப்பைக்கூடையை அவன் வாசலில் கவிழ்த்தார்கள். “சரி,” என்றான். திட்டுகிறவர் மட்டும் கொதித்தால் போதாது, வாங்குகிறவரும் கொதிக்க வேண்டும். அவன் நாடி அசையவில்லை. பொறுமையையும் அந்தக் கருவி அன்பு என்றே கணக்கு வைத்தது. பத்து.

புஷ்பவல்லி கிட்டே வந்தாள். “நீ எதுக்குய்யா பால் காய்ச்சுற? பொண்டாட்டி எங்க, ஓடிட்டாளா?”

“செத்துட்டா.”

அவள் ஓரடி பின்வாங்கினாள். “விடாதம்மா, சொல்லு!” என்றார் அந்தோணிராஜ்.

“நீ பாத்துக்கிட்ட லட்சணத்துல செத்திருப்பா.”

ஜெயந்தன் அவள் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டான். என்ன கத்தினான் என்று அவனுக்கே தெரியவில்லை. எண் மூன்றுக்கு விழுந்தது. இரண்டு பேர் கைதட்டினார்கள்.

பிறகு அவன் சிந்திய பாலிலேயே உட்கார்ந்து அழுதான். வினோதினி இறந்தபின் முதல்முறையாக.

கைதட்டல் நின்றது. புஷ்பவல்லி புடவை நனைவதைப் பார்க்காமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எதிர்வீட்டுக்காரரும் வந்து உட்கார்ந்தார். எண் பதினைந்து. முப்பது.

“யாராவது திட்டுங்கய்யா!” என்று அந்தோணிராஜ் கத்தினார். அவர் குரலும் உடைந்திருந்தது. நாற்பது.

ஆறு மணிக்கு அறுபத்திரண்டில் கணக்கு மூடியது.

அடுத்த மாதம் பதினோரு வீட்டு வாசலிலும் லாரி நின்றது. ஜெயந்தன் வீட்டு வாசலிலும்தான். மாசிலாமணி ஒரு தம்பதியை அழைத்து வந்திருந்தார்.

“தங்கமான தெரு சார். ஒருத்தருக்கு ஒன்னுன்னா மொத்தத் தெருவும் ரோட்ல உக்காந்துடும்.”

“விலைதான் கொஞ்சம் ஜாஸ்தி.”

“மனுஷங்களுக்குத்தான் சார் அந்த விலை.”

“ஆமா, இவங்கல்லாம் எங்க போறாங்க?” என்றாள் அந்தப் பெண்.

மாசிலாமணி காதில் விழாததுபோல் சாவிக்கொத்தைத் தேடினார்.

லாரியில் ஏறிய புஷ்பவல்லி ஜெயந்தனைப் பார்த்து விரலை நீட்டினாள். “கனிவெண் அஞ்சுல ஒரு தெரு கிடைச்சிருக்கு. அங்கயும் பாலைத் தூக்கிட்டு வந்தே, காலை உடைச்சிடுவேன்.”

அவன் தலையாட்டினான்.

கம்பத்தில் எண் இன்னும் ஒன்று ஏறியது.